ரெசிஸ்டரைக் கண்ணால் படிப்பதா, மீட்டரில் பார்ப்பதா?

ஒரு ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைத் தடுத்துக் கட்டுப்படுத்தும் சின்னப் பாகம்) எத்தனை ஓம் என்று தெரிந்துகொள்ள இன்று பல வழிகள் இருக்கின்றன. அதன் மேல் உள்ள வண்ணப் பட்டைகளைக் கண்ணால் படிக்கலாம். மல்டிமீட்டரில் வைத்துப் பார்க்கலாம். கைபேசி ஆப்பில் நிறங்களைத் தட்டலாம், இல்லாவிட்டால் கேமராவையே காட்டலாம். காம்போனென்ட் டெஸ்டர் என்று விற்கும் சின்னக் கருவியில் சொருகலாம். இந்த வம்பே வேண்டாம் என்று, வாங்கும்போதே கவரில் மதிப்பை எழுதி வாங்கி அடுக்கி வைத்துக்கொள்ளலாம்.

புதிதாக எலக்ட்ரானிக்ஸ் பழகுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி, "மீட்டர் இருக்கும்போது வண்ணப் பட்டைக் கணக்கை எதற்கு மனப்பாடம் செய்ய வேண்டும்?" நியாயமான கேள்விதான். பரீட்சைக்கு வரும் என்பதைத் தவிர வேறு பதில் சொல்லத் தெரியாத வாத்தியார்களும் உண்டு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ரெசிஸ்டர் என்னவாக இருக்க வேண்டும் என்று சொல்வது பட்டை. இப்போது என்னவாக இருக்கிறது என்று சொல்வது மீட்டர். கடையிலிருந்து வந்த புதுச் சரக்கில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அங்கே எது சுலபமோ அதைச் செய்துகொள்ளலாம். பழுது பார்க்கும் மேசையில் இரண்டும் வெவ்வேறாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலையே. ஆகவே எதற்காகப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

பட்டைக் கணக்கு, சுருக்கமாக

நான்கு பட்டை ரெசிஸ்டரில் முதல் இரண்டும் இலக்கங்கள். மூன்றாவது, பின்னால் எத்தனை பூஜ்யம் போட வேண்டும் என்று சொல்லும். நான்காவது டாலரன்ஸ், அதாவது எழுதிய மதிப்பிலிருந்து எத்தனை சதவீதம் முன்பின் இருக்கலாம் என்பது. கருப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. மூன்றாம் இடத்தில் தங்கம் வந்தால் பத்தால் வகுக்க வேண்டும், வெள்ளி வந்தால் நூறால். நான்காம் இடத்தில் தங்கம் 5%, வெள்ளி 10%. அந்த இடத்தில் பட்டையே இல்லை என்றால் 20%.

மஞ்சள், ஊதா, சிவப்பு, தங்கம் என்றால் 47, பின்னால் இரண்டு பூஜ்யம், 4700 ஓம். கடையில் 4.7கே என்று கேட்க வேண்டும்.

இதை நினைவில் வைக்க நம் ஊர் வகுப்பறைகளில் "பி.பி. ராய் ஆஃப் கிரேட் பிரிட்டன் ஹேட் எ வெரி குட் வைஃப்" என்று, நிறங்களின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்த ஒரு வாசகம் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் மூன்று 'பி', இரண்டு 'ஜி'. எந்த 'பி' கருப்பு, எது பழுப்பு, எது நீலம் என்பதைத் தனியாக நினைவு வைக்க வேண்டும் என்றால் வாசகத்தால் என்ன லாபம்? வரிசையை அப்படியே பார்த்தால் போதும். சிவப்பிலிருந்து ஊதா வரை வானவில். அதற்கு முன்னால் இருட்டான இரண்டு நிறங்கள், பின்னால் வெளுத்த இரண்டு.

எண்ணை அச்சடிக்காமல் எதற்குப் பட்டை போட்டார்கள்? உருளை வடிவப் பொருளில் எண்ணை அச்சடித்தால், போர்டில் பொருத்தும்போது அது அடிப்பக்கம் போய்விடும். சுற்றிலும் ஓடும் வளையம் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும். அமெரிக்க ரேடியோ உற்பத்தியாளர்கள் சங்கம் ஏற்படுத்திய முறை இது. 1952இல் சர்வதேசத் தரமாக வந்தது, இப்போது ஐஈசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 60062 என்ற எண்ணில் இருக்கிறது. மிகப் பழைய வால்வு ரேடியோக்களைத் திறந்தால் வேறொரு முறையும் கண்ணில் படும். உடல் முழுக்க ஒரு நிறம், முனையில் ஒரு நிறம், நடுவில் ஒரு புள்ளி. உடல் முதல் இலக்கம், முனை இரண்டாவது, புள்ளி பூஜ்யங்கள். இன்று அது பழைய ரேடியோ சேகரிப்பவர்களுக்கு மட்டும்.

வேகமாகப் படிக்கிறவர்கள் எப்படிப் படிக்கிறார்கள்

அனுபவசாலிகள் ஒவ்வொரு நிறத்தையும் எண்ணாக மாற்றிக் கூட்டிக்கொண்டு உட்காருவதில்லை. ஜோடியாகப் பார்க்கிறார்கள். ரெசிஸ்டர் எல்லா மதிப்பிலும் தயாராவதில்லை. 10% வகைக்கான ஈ12 வரிசையில் பன்னிரண்டே ஜோடிகள்தான்: 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. 5% வகையின் ஈ24 வரிசையில் இவற்றுக்கு நடுவே இன்னும் பன்னிரண்டு சேரும். சாதாரண சர்க்யூட்டுகளில் பெரும்பாலும் முதல் பன்னிரண்டுதான் புழங்கும். ஆக, மஞ்சள்-ஊதா என்று பார்த்ததும் 47, பச்சை-நீலம் 56, நீலம்-சாம்பல் 68, ஆரஞ்சு-வெள்ளை 39, சாம்பல்-சிவப்பு 82. பன்னிரண்டு முகங்கள் பழகிவிட்டால் போதும்.

இதில் ஒரு இலவசப் பாதுகாப்பும் இருக்கிறது. பச்சை-ஊதா என்று படித்து 57 என்று வந்தால், அப்படி ஒரு மதிப்பே வரிசையில் கிடையாது. ஊதா என்று நினைத்தது நீலமாக இருக்க வேண்டும். 74 என்று வந்தால் இரண்டு பட்டைகளையும் வரிசை மாற்றிப் படித்திருக்கிறீர்கள்.

மூன்றாவது பட்டையை மட்டும் தனியாகப் பார்த்தாலே எந்தப் பேட்டை என்று தெரிந்துவிடும். பழுப்பு என்றால் நூற்றுக்கணக்கான ஓம். சிவப்பு என்றால் ஆயிரங்கள், அதாவது 1கே முதல் 9.1கே வரை. ஆரஞ்சு பத்தாயிரங்கள், மஞ்சள் லட்சங்கள், பச்சை மெகா ஓம். பிரெட்போர்டில் (சோல்டர் இல்லாமல் பாகங்களைச் சொருகிப் பார்க்கும் பலகை) ஒரு எல்இடி எரியாமல் இருக்கும்போது, 330 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றாவது பட்டை ஆரஞ்சாகத் தெரிந்தால் உடனே புரிந்துவிடும்: 33கே சொருகியிருக்கிறது. ரெசிஸ்டரைப் பிடுங்கி மீட்டரில் வைக்கும் வேலையே இல்லை. மீட்டரால் முடியாத காரியம் இது. சொருகிய இருபது ரெசிஸ்டரையும் ஒரே பார்வையில் சரிபார்ப்பது கண்ணால் மட்டும்தான் முடியும்.

ஐந்து பட்டை வந்ததும் கதை மாறுகிறது

இதுவரை சொன்னது எல்லாம் பழுப்பு மஞ்சள் உடம்பு, நான்கு பட்டை, 5% கார்பன் ஃபிலிம் ரெசிஸ்டருக்கு. இன்று ஆன்லைனில் வாங்கும் கிட்டுகளில் வருவது பெரும்பாலும் நீல உடம்பு, ஐந்து பட்டை, 1% மெட்டல் ஃபிலிம். இதில் முதல் மூன்றும் இலக்கம், நான்காவது பூஜ்யம், ஐந்தாவது டாலரன்ஸ். 1%க்கு நிறம் பழுப்பு. வில்லங்கம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான்கு பட்டையில் தங்கம் ஒரு முனையில் இருக்கும். தங்கம் முதல் இலக்கமாக வரவே முடியாது, அதனால் எந்தப் பக்கமிருந்து படிப்பது என்ற சந்தேகமே எழாது. ஐந்து பட்டையில் டாலரன்ஸ் பழுப்பு, பழுப்பு என்பது 1 என்ற இலக்கமும்கூட. 1%இல் 1கே ரெசிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு, பழுப்பு. இதைத் தலைகீழாகப் படித்தால் பழுப்பு, பழுப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு. அதாவது 110 ஓம், 1%. ஈ24 வரிசையில் 11 இருக்கிறது, 110 ஓம் நிஜமாகவே கடையில் கிடைக்கும் மதிப்பு. "இப்படி ஒரு மதிப்பே இல்லை" என்று தள்ள வழியில்லை.

10கே எடுத்தாலும் இதே கதை. பழுப்பு, கருப்பு, கருப்பு, சிவப்பு, பழுப்பு. திருப்பினால் 120 ஓம். 100கேவைத் திருப்பினால் 130 ஓம். அதைவிட மோசம் 220 ஓம். சிவப்பு, சிவப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு என்பதைத் திருப்பிப் படித்தால் பழுப்பு, கருப்பு, கருப்பு, சிவப்பு, சிவப்பு. 10கே, 2% என்று கச்சிதமாக வரும். எல்இடிக்குப் போடும் ரெசிஸ்டரும், குட்டிக் கணினிச் சில்லான மைக்ரோகண்ட்ரோலரின் காலுக்குப் போடும் புல்-அப் ரெசிஸ்டரும் ஒரே நிறக்கூட்டத்தில். 100 ஓம் மட்டும் எந்தப் பக்கம் படித்தாலும் 100 ஓம்தான். விகடகவி.

டாலரன்ஸ் பட்டைக்கு முன்னால் சற்று அதிக இடைவெளி விட்டிருப்பார்கள், அதை வைத்துத் திசை கண்டுபிடி என்று புத்தகத்தில் சொல்வார்கள். கால் வாட் ரெசிஸ்டரின் உடம்பே ஆறேழு மில்லிமீட்டர். அதில் ஐந்து பட்டைகள். மலிவு சரக்கில் அந்த இடைவெளி ஒழுங்காக இருப்பதில்லை. போதாததற்கு நீல உடம்பின் மேல் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். ஊதாவும் நீலமும் உடம்போடு கலந்துவிடும். மலிவு எல்இடி விளக்குகளின் வெளிச்சத்தில் சிவப்பு சரியாக எடுபடாது, அதனால் ராத்திரி வேலையில் சிவப்பைப் பழுப்பு என்று சத்தியமே செய்வீர்கள். ஜன்னல் பக்கம் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

என் தீர்ப்பு: நான்கு பட்டை என்றால் கண்ணால் படிக்கலாம், தைரியமாக. ஐந்து பட்டை என்றால் கண்ணால் ஒரு ஊகம் செய்துகொண்டு, மீட்டரில் வைத்துவிட்டுத்தான் சோல்டர் செய்ய வேண்டும். சிவப்பு-பச்சை நிறக்குருடு உள்ளவர்களுக்கு இந்த விவாதமே தேவையில்லை, நேராக மீட்டர். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆறாவது பட்டை என்று ஒன்றும் உண்டு. சூட்டுக்கு மதிப்பு எவ்வளவு மாறும் என்று சொல்வது அது. பழுப்பு என்றால் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 100 பங்கு, சிவப்பு என்றால் 50. அளவுக் கருவிகள் தயாரிப்பவர்களைத் தவிர மற்றவர்கள் மறந்துவிடலாம்.

அப்படியென்றால் எதை வாங்குவது?

படிக்கச் சுலபம் கார்பன், துல்லியம் மெட்டல் ஃபிலிம். ஒரு ரெசிஸ்டருக்கான விலை வித்தியாசம் பைசாக் கணக்கு. அதனால் எல்லாவற்றையும் 1%இலேயே வாங்கிவிடு என்று பலரும் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

5 வோல்ட்டில் ஒரு சிவப்பு எல்இடியை 330 ஓம் போட்டு எரிக்கிறீர்கள். எல்இடி 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 3 வோல்ட் ரெசிஸ்டரில். கரண்ட் சுமார் 9.1 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டர் 5% குறைவாக இருந்தால் 9.6, கூடுதலாக இருந்தால் 8.7. இந்த வித்தியாசத்தைப் பார்த்துச் சொல்லும் கண் யாருக்கும் கிடையாது. புல்-அப், டிரான்சிஸ்டர் பேஸ், பஸ்ஸர் இதெல்லாம் இந்த ரகம்தான்.

இன்வெர்ட்டர் பேட்டரியின் வோல்ட்டேஜை ஆர்டுயினோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் அளக்கப் போகிறீர்கள் என்றால் விஷயம் வேறு. பேட்டரிக்குக் குறுக்கே இரண்டு ரெசிஸ்டரைத் தொடராக, மேலே 10கே, கீழே 3.3கே வைத்துப் பிரித்தால் 12 வோல்ட்டுக்கு நடுவில் 2.98 வோல்ட் வர வேண்டும். இரண்டும் 5% வகை, மேலே உள்ளது 5% குறைவு, கீழே உள்ளது 5% கூடுதல் என்று அமைந்தால் 3.21 வோல்ட் வரும். நீங்கள் எழுதிய புரோகிராம் அதை 12.9 வோல்ட் என்று காட்டும். 12.0 வோல்ட்டில் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரி கிட்டத்தட்டக் காலி, 12.7 என்றால் முழு சார்ஜ். காலியான பேட்டரியை ஃபுல் என்று காட்டும் மீட்டர் இருப்பதைவிட இல்லாமலிருப்பது மேல். அதே இடத்தில் 1% ரெசிஸ்டர்கள் இருந்தால் மிக மோசமான நிலையிலும் 12.2க்குள் நிற்கும்.

ஆகவே பிரெட்போர்டு வேலைக்கு நான்கு பட்டைக் கார்பன், ஈ12இன் பன்னிரண்டு ஜோடிகளில் 100 ஓம் முதல் 100கே வரை புழங்கும் மதிப்புகள். அளவீடு, ஆம்ப்ளிஃபயர் ஃபீட்பேக், வோல்ட்டேஜ் செட் செய்யும் இடங்களுக்கு மெட்டல் ஃபிலிம் சில மதிப்புகள். பழகுகிறவருக்கு இதுதான் நல்ல கூட்டணி. வெறும் சோல்டரிங் கிட்டாக வாங்கி ஒட்டுகிறவர் எல்லாமே 1%இல் வைத்துக்கொள்ளலாம், அவர் எப்படியும் ஒன்றொன்றாக அளந்துதான் போடப் போகிறார்.

மீட்டர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

மஞ்சள் நிறத்தில் எங்கும் கிடைக்கும் டிடி-830டி ரக மீட்டரையே எடுத்துக்கொள்வோம். ஓம் அளவீட்டில் அதற்குச் சொல்லப்படும் துல்லியம் சுமார் 0.8%, அதோடு கடைசி இலக்கத்தில் இரண்டு முன்பின். 20கே ரேஞ்சில் 10கே ரெசிஸ்டரை வைத்தால் மீட்டரின் பிழையே 0.1கே வரை போகலாம். அதுவே 1%. ஆகவே 9.92 என்று காட்டினால் "இது 1%க்குள் இருக்கிறதா" என்று அந்த மீட்டரைக் கேட்காதீர்கள், அதற்குத் தெரியாது. 110 ஓமா 1கேவா என்று கேட்டால் பளிச்சென்று சொல்லும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

சின்னச் சின்னக் குறும்புகள் உண்டு. ரெசிஸ்டரின் இரண்டு கால்களையும் மீட்டரின் முனைகளான புரோப்போடு சேர்த்து விரலால் அழுத்திப் பிடிப்பார்கள். நம் உடம்பும் ஒரு ரெசிஸ்டர். கை காய்ந்திருந்தால் மெகா ஓம் அளவில் இருக்கும், வியர்த்திருந்தால் இன்னும் குறையும். 1 மெகா ஓமை அப்படிப் பிடித்தால் பாதியாகக் காட்டும். 10கேவில்கூட 1% அளவுக்கு இறங்கும். ஒரு கால் மட்டும் விரலில் இருக்கட்டும், மற்றது மேசை மேல். குறைந்த மதிப்பில் வேறு சிக்கல். இரண்டு புரோப்பையும் முட்டவைத்தாலே அரை ஓம் பக்கம் காட்டும். 0.22 ஓம் ரெசிஸ்டரை இதில் அளந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. அங்கே சிவப்பு, சிவப்பு, வெள்ளி, தங்கம் என்று படிப்பதுதான் நம்பகம். மீட்டருக்கு முன்னால் கண் ஜெயிக்கும் இடங்களில் இது ஒன்று.

போர்டிலேயே வைத்து அளக்கும்போதுதான் முக்கியமான விஷயம் வருகிறது. ரெசிஸ்டருக்குப் பக்கவாட்டில் வேறு பாதைகள் இருக்கும், அதனால் மீட்டர் குறைவாகக் காட்டலாம். 10கே என்று பட்டை சொல்லும், மீட்டர் 3.2கே காட்டும். ரெசிஸ்டர் நன்றாகவே இருக்கலாம். ஒரு காலைச் சோல்டர் எடுத்துத் தூக்கினால்தான் உண்மை தெரியும். ஆனால் பட்டை சொல்வதைவிட, டாலரன்ஸையும் தாண்டி, மீட்டர் அதிகமாகக் காட்டினால் வேறு விசாரணையே வேண்டாம். பக்கவாட்டுப் பாதைகள் மதிப்பைக் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) மிச்ச சார்ஜ் இல்லை என்பது உறுதியானால், அந்த ரெசிஸ்டர் போய்விட்டது. இந்த ஒரு வரியைச் சொல்லப் பட்டையும் வேண்டும், மீட்டரும் வேண்டும். ஒன்று இல்லாவிட்டால் மற்றதற்கு அர்த்தமில்லை.

நேரில் பார்ப்பது போல ஒன்று சொல்கிறேன். செட்-டாப் பாக்ஸ் ஒன்றின் பவர் சப்ளை. பாக்ஸ் உயிரில்லாமல் கிடக்கிறது. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. பெரிய கெப்பாசிட்டரில் 230 வோல்ட் ஏசியை நேராக்கிய 325 வோல்ட் டிசி அம்சமாக நிற்கிறது. அவுட்புட் மட்டும் பூஜ்யம். கெப்பாசிட்டரிலிருந்து கட்டுப்படுத்தும் ஐசிக்கு ஒரு ரெசிஸ்டர் போகும், ஐசி முதன்முதலில் விழித்துக்கொள்ள அதன் வழியாகத்தான் சிறு கரண்ட் போக வேண்டும். மஞ்சள், ஊதா, மஞ்சள், தங்கம், அதாவது 470கே. வெளியே பார்த்தால் கறுக்கவில்லை, வெடிக்கவில்லை, புத்தம் புதிதாக இருக்கிறது. வருடக்கணக்கில் முந்நூறு வோல்ட்டைத் தாங்கி நின்ற இந்த மாதிரி ரெசிஸ்டர்கள் மெல்ல மெல்ல மதிப்பு ஏறிப்போகும், கடைசியில் ஓப்பன் ஆகும், அதாவது உள்ளே அறுந்துவிடும். மீட்டரில் 1.3 மெகா என்று காட்டுகிறது. பட்டை படிக்கத் தெரியாதவருக்கு 1.3 மெகா என்பது வெறும் ஒரு எண். படிக்கத் தெரிந்தவருக்கு பழுது கிடைத்துவிட்டது.

இந்த வேலைக்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கெப்பாசிட்டரைச் சில கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாகக் காலி செய்ய வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். காலியாகிவிட்டதா என்று டிசி வோல்ட்டில் பார்த்துவிட்டுத்தான் ஓம் ரேஞ்சுக்கு வர வேண்டும்.

கருகிப்போனால்

முழுக்கக் கருகிய ரெசிஸ்டரில் மீட்டர் ஓப்பன் என்று மட்டும் சொல்லும். அது ஏற்கெனவே தெரியும். பழைய மதிப்பைச் சொல்ல வேறு சாட்சி இல்லை, மிச்சமிருக்கும் பட்டைகள்தான். உடம்பின் நடுப்பகுதி அதிகம் சூடாவதால் முனைப் பட்டைகள் சில சமயம் தப்பித்திருக்கும். சூட்டில் சிவப்பும் ஆரஞ்சும் பழுப்பாகக் கறுத்துப்போகும், அதனால் கருகியதில் பழுப்பு என்று தெரிவதை அப்படியே நம்பக்கூடாது. மறுபடியும் ஜோடிக் கணக்கு உதவும். முதல் பட்டை மஞ்சள் என்று உறுதியாகத் தெரிந்தால் ஈ12இல் 47 மட்டும்தான். பச்சை என்றால் 56 மட்டும்தான். ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் என்றால் அதிர்ஷ்டம், பக்கத்துச் சேனலில் அதே ரெசிஸ்டர் முழுசாக இருக்கும், அதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

பவர் சப்ளையின் வாசலில் இருக்கும் சில ரெசிஸ்டர்கள் ஃபியூஸாகவும் வேலை செய்பவை. ஃபியூசிபிள் ரெசிஸ்டர் என்று கேட்டு வாங்க வேண்டும். பட்டை அதன் ஓமைச் சொல்லும், அது எந்த வகை என்று சொல்லாது. ஓம் சரியாக இருக்கிறதே என்று சாதாரண ரெசிஸ்டரைப் போட்டால், அடுத்த முறை ஷார்ட் ஆகும்போது அமைதியாக அறுபட வேண்டியது தீப்பிடிக்கும். இன்னொன்று, ரெசிஸ்டர் தானாகக் கருகுவது அபூர்வம். அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று ஷார்ட் ஆகியிருக்கும். அதைப் பார்க்காமல் புதியதைப் போட்டால் அதுவும் கருகும்.

பட்டையும் மீட்டரும் நேர் எதிராகச் சொல்லும் இன்னொரு ஆள் இருக்கிறது. பச்சை உடம்போடு, பழுப்பு, கருப்பு, பழுப்பு, வெள்ளி. 100 ஓம் என்று படிப்பீர்கள். மீட்டர் ஓரிரண்டு ஓம் காட்டும். ஷார்ட் ஆகிவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். ரெசிஸ்டர்கள் அநேகமாக ஓப்பன் ஆகும் அல்லது மதிப்பு ஏறும், ஷார்ட் ஆவது மிக அரிது. இது 100 மைக்ரோஹென்றி இண்டக்டர், அதாவது கம்பிச் சுருள், அதற்கும் இதே நிறக் கணக்குதான். போர்டில் பக்கத்தில் 'எல்' என்று அச்சடித்திருக்கும். நடுவில் ஒற்றைக் கருப்புப் பட்டை மட்டும் இருந்தால் அது பூஜ்ய ஓம், பாலம் போலப் போட்ட வெறும் கம்பி.

ஆப், டெஸ்டர், கவர்

கைபேசி ஆப்களில் இரண்டு ரகம். நிறங்களை நாமே தட்டினால் கணக்குப் போட்டுச் சொல்வது ஒன்று. இது அச்சடித்த அட்டைக்குச் சமம், ஆரம்பத்தில் உதவும், பன்னிரண்டு ஜோடிகள் பழகியதும் தானாகவே மறந்துபோகும். கஷ்டமான பகுதி நிறத்தை அடையாளம் காண்பதுதான், அதில் இது உதவாது. கேமராவைக் காட்டினால் தானே படிப்பது இன்னொன்று. அறை வெளிச்சத்துக்கு ஏற்ப கேமரா நிறத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ளும், அதிலேயே பழுப்பும் சிவப்பும் இடம் மாறிவிடும். திசைக் குழப்பமும் அதற்கும் உண்டு. நான் இதற்கு ஓட்டுப் போட மாட்டேன். ஆனால் அதே கேமராவில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், நாற்பது வயதைத் தாண்டிய கண்களுக்கு அதைவிட நல்ல பூதக்கண்ணாடி கிடைக்காது.

காம்போனென்ட் டெஸ்டர்கள் மார்கஸ் ஃபிரெயெக் என்ற ஜெர்மானியர் வெளியிட்ட திறந்த வடிவமைப்பிலிருந்து பெருகியவை. எல்சிஆர்-டி4 என்ற பெயரில் ஆன்லைனில் கிடைக்கும். சொருகிப் பொத்தானை அமுக்கினால் ரெசிஸ்டரா, இண்டக்டரா, டிரான்சிஸ்டரா, எந்தக் கால் எது என்றெல்லாம் சொல்லிவிடும். மேலே சொன்ன பச்சை உடம்புக்காரரைக் கையும் களவுமாகப் பிடிக்க நல்ல கருவி. பழைய போர்டுகளிலிருந்து பாகங்களைக் கழற்றிச் சேர்ப்பவர்கள் வாங்கலாம். ரெசிஸ்டருக்காக மட்டும் வாங்கத் தேவையில்லை, அந்தப் பணத்தை மீட்டரில் போடுங்கள்.

போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும் எஸ்எம்டி சில்லு ரெசிஸ்டருக்கு வந்தால் நிறமே கிடையாது. 103 என்றால் 10கே, 4ஆர்7 என்றால் 4.7 ஓம். 1% சில்லுகளில் 01சி மாதிரிச் சங்கேதமும் வரும், அது 10கே. மிகச் சிறிய 0402 அளவில் ஒன்றுமே எழுதியிருக்காது, மீட்டர் ஒன்றே கதி.

மிச்சமிருப்பது கவர் வழி. படிக்கும் வேலையை ஒரே ஒரு முறை செய்வது. ரெசிஸ்டர்கள் இரு பக்கமும் காகித நாடா ஒட்டிய சரமாக வரும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினால் சரத்தை அறுத்துக் குட்டி பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். அப்போதே, "அண்ணே, கவர் மேல வேல்யூ எழுதிக் குடுத்துருங்க" என்று கேட்டுவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு கவரிலிருந்தும் ஒன்றை மீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு, நாடா மேலும் பேனாவால் எழுதிவிடுங்கள். சரத்திலிருந்து தேவைக்கு மட்டும் கத்தரியுங்கள், மீதி நாடாவோடேயே கிடக்கட்டும். இதை ஒழுங்காகச் செய்கிறவருக்கு ஐந்து பட்டை ஒரு பிரச்சினையே இல்லை. ஒழுங்கு இல்லாதவருக்கு, பிரெட்போர்டிலிருந்து பிடுங்கிய நீல ரெசிஸ்டர்கள் எல்லாம் ஒரே டப்பாவில் சேர்ந்து, ஒரு நாள் முழுக்க மீட்டரோடு உட்கார வேண்டி வரும்.

மீட்டரையும் யாராவது கண்காணிக்க வேண்டுமே. உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கிப்போனால் பல மலிவு மீட்டர்கள் எல்லா மதிப்பையும் கூசாமல் தப்பாகக் காட்டும். ஒரு 1% 10கே ரெசிஸ்டரை, நல்ல மீட்டர் உள்ள நண்பரிடம் ஒரு முறை அளந்து, அந்த எண்ணைச் சீட்டில் எழுதி, இரண்டையும் மீட்டரின் முதுகில் டேப் போட்டு ஒட்டி வையுங்கள். முக்கியமான வேலைக்கு முன்னால் அதில் புரோப்பை வையுங்கள். சீட்டில் உள்ள எண்ணும் திரையில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.